மொட்டை மாடியில் கறி ஸ்மோக் செய்ய மழை தாங்கும் வயர்லெஸ் தெர்மாமீட்டர்: எதை வாங்குவது?

மாடிப்புகை:

வணக்கம். பெங்களூர் பானஸ்வாடியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன், அதற்கு மேல் மொட்டை மாடி. 200 லிட்டர் டிரம் ஒன்றை வெல்டிங் கடையில் கொடுத்து ஸ்மோக்கராக மாற்றி வைத்திருக்கிறேன். அடியில் கரிக்கூடை, மேலே கம்பிவலை, மூடியில் ஒரு டயல் மீட்டர், அவ்வளவுதான். ஹவுஸ் ஓனர் அம்மா தங்கமானவர். ஒரே நிபந்தனை, துணி காயப்போடும் நாளில் புகை கூடாது. ஆக எனக்குக் கிடைப்பது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை.

போன சனிக்கிழமை நாலு கிலோ பன்றித் தோள்பட்டை, எலும்போடு. முந்தின ராத்திரியே உப்பும் மிளகும் தடவி ஃபிரிட்ஜில் வைத்து, காலை ஏழு மணிக்குக் கொய்யாக் கட்டை போட்டு ஆரம்பித்தேன். மதியம் மூன்றரைக்குக் கறியின் உள்ளே 68 டிகிரி. நாலு மணிக்கு வானம் கறுத்தது. இந்த ஊர் செப்டம்பர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பத்து நிமிடத்தில் சாய்த்து அடித்தது, நான் படிக்கட்டு வழியாகக் கீழே ஓடிவிட்டேன். என்னிடம் இருப்பது புளூடூத் தெர்மாமீட்டர், வீட்டுக்குள் வந்தால் சிக்னல் போய்விடும், அதனால் படிக்கட்டுத் திருப்பத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலே முக்காலுக்கு 94 காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். நனைந்துகொண்டே போய் எடுத்து, ஃபாயிலில் சுற்றி, பழைய துண்டில் பொதிந்து வைத்தேன்.

ஏழு மணிக்கு நண்பர்கள் வந்து உட்கார்ந்தபின் பிரித்தால் ரப்பர். முள்கரண்டியால் பிய்க்கவே முடியவில்லை, எலும்பு அசையவில்லை. கடைசியில் துண்டு போட்டுக் குக்கரில் ஐந்து விசில். பத்து மணிநேரம் புகை போட்ட கறியைக் குக்கரில் போட்ட வயிற்றெரிச்சலை என்ன சொல்ல. மறுநாள் பார்த்தால், கறிக்குள் குத்தி வைக்கும் குச்சி மேஜை மேல் சும்மா கிடக்கும்போதே மீட்டர் 140 டிகிரி காட்டுகிறது.

புதிதாக வாங்கலாம் என்று பார்க்கிறேன், பட்ஜெட் பத்தாயிரத்துக்குள். ஒருவன் ஐபி 65 என்கிறான், ஒருவன் 67, இன்னொருவன் ஐபிஎக்ஸ் 4, சிலர் வெறுமனே ‘மழை தாங்கும்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். புளூடூத்தா, வைஃபையா, தனி ரிசீவரா என்பது வேறு குழப்பம். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

ஓம்மீட்டர்:

ப்ரோ, முதலில் ஒரு விஷயம். உங்கள் கறி 94க்குப் போகவே இல்லை. ஒன்றேகால் மணிநேரத்தில் 68லிருந்து 94, அதுவும் மழை டிரம்மைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது, நடக்கவே நடக்காது. அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். இந்தக் குச்சிகளின் நுனியில் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. 25 டிகிரியில் 100 கிலோ ஓம் உள்ள ஒன்று கொதிநீரில் பத்துக்கும் கீழே வந்துவிடும். மீட்டருக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியாது, அது அளப்பது அந்த ஓமை மட்டும்தான். குச்சியும் கம்பிப் பின்னலும் சேரும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் இரண்டு கம்பிக்கும் நடுவில் அந்த ஈரமே குறுக்குப் பாதையாகிவிடுகிறது, தடை இறங்குகிறது, மீட்டர் அதைச் சூடு என்று நம்பி எண்ணை ஏற்றிக் காட்டுகிறது. அதனால்தான் நனைந்த குச்சி எப்போதும் அதிகமாகவே பொய் சொல்லும், குறைவாக அல்ல. கறி சமைக்கிறவனுக்கு இதைவிட மோசமான பக்கம் வேறில்லை.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். அறை சூட்டில் பத்துப் பதினைந்து கிலோ ஓம்தான் என்றால் உள்ளே ஈரம். தூக்கி எறியாதீர்கள், கழற்றி 120 டிகிரி ஓவனில் அரை மணிநேரம் வைத்தால் பாதிக் கேஸ் பிழைத்துவிடும் (பிளாஸ்டிக் பிளக் ஓவன் கதவுக்கு வெளியே தொங்கட்டும்). அரிசிக்குள் புதைத்து வைப்பதெல்லாம் மன ஆறுதலுக்கு.

இப்போது ஐபி கதை. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு, எக்ஸ் என்றால் அந்தச் சோதனைக்கான எண் தரப்படவில்லை என்று அர்த்தம். 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீர், 5 என்றால் சிறிய குழாய் வைத்துப் பீய்ச்சுவது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணிநேரம் முக்கி வைப்பது. இதில் பலருக்கும் தெரியாதது, 67 என்று போட்டிருந்தால் 65ஐயும் தாண்டியது என்று தானாக அர்த்தமாகாது. முக்கியதற்குச் சோதித்ததும் பீய்ச்சியதற்குச் சோதித்ததும் வேறு வேறு. சாய்வாக அடிக்கும் மழைக்கு 5 அல்லது 6தான் பொருத்தம், டிரம்மை நீங்கள் யாரும் உல்சூர் ஏரியில் இறக்கப் போவதில்லை.

ஆனால் இந்த எண் பெரும்பாலும் குச்சியைச் சொருகும் மீட்டர் பெட்டிக்கு மட்டும்தான். குச்சிக்கு அல்ல, சில மாடலில் பிளக் சொருகாத ஓட்டைக்கு ரப்பர் மூடி போட்டிருந்தால்தான் அந்த எண்ணே செல்லும். நாலு ஓட்டை உள்ளதை வாங்கி இரண்டை மட்டும் பயன்படுத்தி, மற்ற இரண்டைத் திறந்து போட்டால் 65ஆவது 67ஆவது. கடையில் பெட்டியின் எண்ணைப் பார்ப்பதைவிட மூடி தனித்தனியாக இருக்கிறதா, குச்சி கம்பியோடு சேரும் இடம் அழுத்தி மட்டும் விட்டதா, உள்ளே சிலிக்கோன் அடைத்ததா என்று பாருங்கள். குச்சி தனியாக விலைக்குக் கிடைக்குமா என்பது அதைவிட முக்கியம். இரண்டு வருடத்தில் குச்சிதான் சாகும், பெட்டி அல்ல. ஒரு பிராண்டின் குச்சியை இன்னொன்றில் சொருகினால் பிளக் பொருந்தும், எண் பொருந்தாது.

கடைசியாக, காசே செலவில்லாத வேலை ஒன்று. கம்பியைப் பெட்டிக்கு நேராக மேலிருந்து இறக்காதீர்கள். முதலில் பெட்டிக்குக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் சொருகுங்கள். கம்பி வழியாக ஓடி வரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். வீட்டுக்குக் கரண்ட் கம்பி வரும் இடத்தில் லைன்மேன் ஏன் ஒரு வளைவு விட்டு ஏற்றுகிறார் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா, அதே விஷயம்தான்.

கரிக்கூடை அக்கா:

தம்பி, குக்கரில் போட்டது தப்பே இல்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 63 டிகிரி தாண்டிவிட்டால் பன்றியின் முழுத் துண்டு சாப்பிடப் பாதுகாப்பானதுதான், உங்களுடையது அதைத் தாண்டித்தான் இருந்திருக்கிறது. வேகாதது சதை அல்ல, அதற்குள் இருக்கும் சவ்வு. தோள்பட்டையில் அது கரைந்து கொழகொழவென்று ஆக 90க்கு மேல் போக வேண்டும், மெதுவாகப் போக வேண்டும். கோழிக்கு 74 போதும், அதற்கு மேல் வைத்தால் நார்.

நான் ஃபிரேசர் டவுன். பன்னிரண்டு வருடமாகப் புகை போடுகிறேன், ஆறு வருடம் என்னிடம் இருந்தது மூடி டயலும், குத்திப் பார்க்கும் ஒரு பேனா தெர்மாமீட்டரும்தான். மழைக்கு? பெரிய குடை. சிரிக்காதீர்கள், டீக்கடையில் மேஜைக்கு நடுவில் நிறுத்தும் குடை இருக்கிறதே, அதுதான். தெர்மாமீட்டர் நனைவதைவிடப் பெரிய பிரச்சினை டிரம் நனைவது, அந்த மெல்லிய தகட்டின் மேல் மழை பட்டால் உள்ளே 120 இருந்தது கண் எதிரே 90க்கு இறங்கும், நீங்கள் கரியைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேல் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் சாம்பல் குழம்பாகிக் கரி அணையும்.

ஆனால் மழை வந்துவிட்டது என்று டிரம்மைப் படிக்கட்டு அறைக்குள் மட்டும் இழுத்துவிடாதீர்கள். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, வாசனை வராது, தலை சுற்றுவதற்குள் நேரம் கடந்திருக்கும். திறந்த வெளி, மேலே மறைப்பு, நாலு பக்கமும் காற்று, அவ்வளவுதான்.

இன்னொன்று, அடுத்த முறை சரியான மீட்டர் வாங்கினாலும் பயப்படப் போகிறீர்கள், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். 65இலிருந்து 75க்குள் எங்கோ எண் நின்றுவிடும். ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம், சில நாள் அதற்கும் மேல். மீட்டர் பழுதில்லை. கறிக்குள்ளிருந்து ஈரம் வெளியே வந்து ஆவியாகும்போது கறியைக் குளிர்விக்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி. பொறுமை இல்லாவிட்டால் அந்த நேரத்தில் ஃபாயிலில் இறுக்கச் சுற்றிவிடுங்கள், எண் மறுபடி நகரும். எங்கள் பாட்டி உப்புக்கண்டம் போடும்போது மாமிசத்துக்கு அவசரம் தெரியாது என்பார், அவரிடம் எந்த மீட்டரும் கிடையாது.

ஆன்டெனா:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேட்டவரின் உண்மையான பிரச்சினையைப் பாதிதான் தொட்டிருக்கிறீர்கள். அவர் படிக்கட்டில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார். அதற்கு ஐபி எண் என்ன செய்யும்?

புளூடூத்தும் சாதாரண வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ். விளம்பரத்தில் போட்டிருக்கும் 50 மீட்டர், 100 மீட்டர் எல்லாம் நடுவில் எதுவும் இல்லாத மைதானத்துக்கு. உங்களுக்கு நடுவில் இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம், அதுவும் மழையில் ஊறியது, படிக்கட்டு வாசலில் அநேகமாக இரும்புக் கதவு. அதைத் தாண்டி வருவது கஷ்டம்தான்.

வைஃபை மாடல் வாங்கினால் போனை எங்கே வைத்தாலும் தெரியும், அலுவலகத்தில் உட்கார்ந்துகூடப் பார்க்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் ரவுட்டரின் சிக்னல் மாடிக்கு வர வேண்டும், இவை பெரும்பாலும் 2.4ஐ மட்டும்தான் பிடிக்கும், ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பட்டையையும் ஒரே பெயரில் வைத்திருந்தால் சேர்க்கும்போது சண்டித்தனம் பண்ணும். அப்புறம் நம் ஊரில் மழை வந்தால் கூடவே என்ன போகும்? கரண்ட். கரண்ட் போனால் ரவுட்டர் போச்சு, ரவுட்டர் போனால் மீட்டர் ஊமை. எப்போது எச்சரிக்கை தேவையோ சரியாக அப்போதுதான் அது வாயை மூடும். ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வைத்திருந்தால் பரவாயில்லை.

என் ஓட்டு தனி ரிசீவருக்கு. மாடியில் ஒரு பெட்டி, சமையலறையில் ஒரு பெட்டி, இரண்டும் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளும், பேட்டரியில் ஓடும், போனும் வேண்டாம் ஆப்பும் வேண்டாம் இன்டர்நெட்டும் வேண்டாம். 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை நிறைய உண்டு, அலைநீளம் அதிகம் என்பதால் சுவரை 2.4ஐ விடச் சுலபமாகத் தாண்டும். ஒன்றில் மட்டும் கவனம். அமெரிக்க வீடியோக்களில் எல்லோரும் தூக்கிக் காட்டும் தெர்மோவொர்க்ஸ் ஸ்மோக் என்ற தெர்மாமீட்டர் நல்ல சாமான்தான், ஐபி 65 கூட, ஆனால் அது 915 மெகாஹெர்ட்ஸ். அங்கே 902 முதல் 928 வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இங்கே 890 முதல் 915 வரை மொபைல் போன்கள் டவரோடு பேசும் பட்டை. நமக்கு உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 865 முதல் 868. ஆகவே அங்கிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வதற்கு முன் பெட்டியில் எந்த அலைவரிசை என்று பாருங்கள். ஐரோப்பாவுக்கான மாடல்கள் 433 அல்லது 868ஐ ஒட்டி இருக்கும்.

சிரட்டைக்கரி:

நடுவில் ஒரு கேள்வி, திட்டாதீர்கள். கம்பி சேரும் இடத்தில்தான் தண்ணீர் புகுகிறது என்றால் கம்பியே இல்லாத குச்சி வாங்கிவிடலாமே? மீட்டர் (MEATER) என்று ஒரு பிராண்டே இருக்கிறது, என் மைத்துனன் வைத்திருக்கிறான், பார்க்க அழகாக இருக்கிறது.

ஓம்மீட்டர்:

கேள்வி நியாயமானதுதான். ஓவனுக்கும் கெட்டில் கிரில்லுக்கும் அது அருமை. ஆனால் எல்லா எலக்ட்ரானிக்ஸும் பேட்டரியும் அந்தக் குச்சிக்குள்ளேயே, கறிக்குள் புதைந்திருக்கும் பகுதியில் இருக்கின்றன. கறியின் ஈரம்தான் அவற்றைக் காப்பாற்றுகிறது. அந்தப் பிராண்டின் முதல் மாடலில் உள் பகுதிக்கு 100 டிகிரிதான் எல்லை, வெளிப்பகுதி 275 வரை தாங்கும். ஆழமாகக் குத்தாமல் பாதியில் விட்டாலோ, எரியும் கரிக்கு மேல் நேராக நின்றாலோ போச்சு. இரண்டாவது, அதுவும் புளூடூத், இரும்பு டிரம்முக்குள்ளிருந்து சிக்னல் வெளியே வர வேண்டும், பிறகு ஆன்டெனா சொன்ன கான்கிரீட். அடிப்படை மாடலுக்குச் சொல்லும் தூரமே பத்து மீட்டர்தான். மூன்றாவது, டிரம்முக்குள் கரியின் சூடு ஏறி இறங்குவதைக் கம்பிவலை மட்டத்தில் அளக்க எனக்கு எப்போதும் தனிக் குச்சி வேண்டும். குச்சியின் பின்முனையில் இருக்கும் சென்சார் கறியை ஒட்டியே நிற்பதால் முதல் சில மணிநேரம் டிரம்மின் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

மாடிப்புகை:

எல்லோருக்கும் நன்றி, ஓம்மீட்டர் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. பழைய குச்சியை மல்டிமீட்டரில் பார்த்தேன், 3 கிலோ ஓம் கூட இல்லை. ஓவனில் அரை மணிநேரம் வைத்து எடுத்து ஆறவிட்டதும் 98. உயிரோடு வந்துவிட்டது!

தனி ரிசீவர் உள்ளது வாங்கினேன், 433, இரண்டு குச்சி, கூடுதலாக ஒரு குச்சி தனியாக, மொத்தம் 7,400 ரூபாய். பெட்டிக்கு ஐபிஎக்ஸ் 4தான். சாதாரண பென்சில் செல்லில் ஓடுகிறது, அது பிடித்திருந்தது. ஆனால் வந்த அன்றே ஒரு சந்தேகம். ஐஸ் தண்ணீரில் வைத்தேன், சரியாக 0 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 97ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, இரண்டு குச்சியும் அப்படியே. திருப்பி அனுப்பவா? இன்னும் நாலு நாள்தான் அவகாசம்.

ஓம்மீட்டர்:

அனுப்பாதீர்கள்! மீட்டர் சொல்வது சரி, நீங்கள்தான் கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் கொதிநிலை இறங்கும், அப்படியென்றால் இங்கே தண்ணீர் கொதிப்பதே 97இல்தான். அதே குச்சியைச் சென்னைக்குக் கொண்டு போய் வைத்தால் 100 காட்டும். இங்கே கொதிநீரில் சரியாக 100 காட்டினால்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஐஸ் சோதனையும் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் போல, நிறைய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், குச்சி பாத்திரத்தின் அடியில் படாமல். ஆனால் தண்ணீரில் முக்கும்போது கம்பி சேரும் இடத்தை மட்டும் நனைக்காதீர்கள், கழுவும்போதும்.

கரிக்கூடை அக்கா:

அட, இதனால்தான் ஊரிலிருந்து வந்த புதிதில் எனக்குப் பருப்பு வேகவே இல்லையோ! குக்கர் வாங்கும் வரை மாமியாரிடம் திட்டு வாங்கினேன். இத்தனை வருடம் கழித்துக் காரணம் தெரிகிறது.

மாடிப்புகை:

நேற்றைய சனிக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்ன மாதிரி ஒரு தோட்டக் குடை வாடகைக்கு எடுத்து டிரம்முக்கு மேல் நிறுத்தினேன். பெட்டிக்குத் தனி மறைப்பு வேண்டும் என்று முதலில் எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கவிழ்த்து மூடினேன், மூடிய நொடியில் கீழே ரிசீவரில் கோடு கோடாக வந்துவிட்டது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, உலோகத்துக்குள் ரேடியோவைப் பூட்டிவிட்டேன். ஐந்து லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டிக் கம்பியை அடியில் தொங்கவிட்டு ஏற்றி, துணிக்கொடியில் தலைகீழாகக் கட்டினேன். சமையலறை ஜன்னலோரம் ரிசீவர், சிக்னல் ஒரு முறைகூடப் போகவில்லை.

கம்பிவலை மட்டத்தில் ஒரு குச்சியை வைத்துப் பார்த்தபோதுதான் மூடி டயலின் லட்சணம் தெரிந்தது, டயல் 140 என்றபோது வலையில் 115. இவ்வளவு நாளும் அதை நம்பிக் காற்று ஓட்டையை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். வலையின் சூடு 100க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும்படி வைத்தேன், இரண்டு முறை அடித்தது, இரண்டு முறையும் கரி தீர்ந்திருந்தது.

மூன்று மணிக்கு 71. ஐந்து மணிக்கும் 71. அக்கா முன்பே சொல்லியிருக்காவிட்டால் கண்டிப்பாக மீட்டரைத் தட்டிப் பார்த்திருப்பேன். ஐந்தரைக்கு மழை, கூடவே கரண்ட் போனது, இருட்டில் ரிசீவரின் சின்ன வெளிச்சம் மட்டும் 72 என்றது. ஃபாயில் சுற்றினேன். எட்டே காலுக்கு 95. எலும்பைப் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கையோடு வந்தது.

ஓனர் அம்மா காலையில் மாடிக்குப் போய்விட்டு வந்து, துணிக்கொடியில் ஐஸ்கிரீம் டப்பா எதற்கு என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

சிரட்டைக்கரி:

அந்தத் தோட்டக் குடை வாடகை எவ்வளவு, எங்கே கிடைத்தது? எனக்கு அடுத்த ஞாயிறு வேண்டும்.

மாடிப்புகை:

நாளுக்கு 250. கம்மனஹள்ளியில் கல்யாணத்துக்கு ஷாமியானா போடும் கடை. அடியில் வைக்கும் இரும்புத் தாங்கியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், எனக்குத் தரவில்லை, நான் இரண்டு தண்ணீர் கேனை வைத்துக் கட்டினேன்.